சிறுநீர்க் கோப்பையும் கைவிலங்கும்



நான் மெடிக்கல் லேப் டெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்க டிபார்ட்மெண்ட் என்றாலே மெக்கானிக்கல் பசங்க "யூரின் டிபார்ட்மெண்ட்" என்று கிண்டல் பண்ணுவாங்க. பரவாயில்லை. இந்தக் கட்டுரையே அந்த யூரினைப் பற்றித்தான். ஒரு கோப்பை சிறுநீர் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

மலருக்காக எனக்குக் கொடுத்த தலைப்பு 'போதைப் பொருளும் சமுதாயமும்'. அது ரொம்பப் பெரிய தலைப்பு. எங்கள் மேடம்தான் "லேபுக்குச் சம்பந்தமா ஒண்ணை எடுத்து எழுதும்மா" என்று சொல்லி, வயிற்றில் பிள்ளையோடு போதை மருந்து எடுக்கும் பெண்களைச் சட்டம் என்ன செய்கிறது என்று தேடச் சொன்னார். எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? "இதுல எழுத என்ன இருக்கு? தூக்கி உள்ளே போடணும்." வீட்டில் சொன்னபோது எங்க அப்பாவும் அதையேதான் சொன்னார். படிக்கப் படிக்க என் எண்ணம் மாறியது. அது எப்படி மாறியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் கொஞ்சம் பாடம். தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. ஆனால் அது போலீஸ் செக்போஸ்ட் மாதிரி எல்லாவற்றையும் நிறுத்தாது. பிராணவாயுவும் சர்க்கரையும் போகிற வழியில் மது, நிக்கோடின், கோகெய்ன், ஹெராயின் எல்லாமே போய்விடும். கோகெய்ன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம். ஹெராயின் போன்ற அபின் வகை மருந்துகளில் வேறு மாதிரி சிக்கல். பிறந்த குழந்தைக்கு மருந்து வருவது திடீரென்று நின்றுபோவதால் உடம்பு நடுங்கும், வீறிட்டு அழும், பால் குடிக்காது. சட்டப்படி கடையிலே விற்கிற மது இன்னும் மோசம். 1973-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குக் கருவிலே மதுவால் வரும் நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். முகத் தோற்றம், வளர்ச்சி, மூளை மூன்றையும் அது தொடும், வாழ்நாள் முழுக்கப் போகாது. அதனால் "ஒண்ணும் ஆகாது" என்று நான் எழுதவில்லை. கெடுதல் உண்டு. அந்தப் பெண்ணை என்ன செய்தால் கெடுதல் குறையும் என்பதுதான் கேள்வி.

இப்போது 1989-ஆம் ஆண்டு, தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் நகரம். அப்போது அமெரிக்காவில் 'கிராக்' என்ற மலிவு விலைக் கோகெய்ன் ஏழைகள் தெருக்களில் பரவியிருந்த காலம். 'கிராக் குழந்தைகள்' ஒரு தலைமுறையே மூளை கெட்டு வளரப் போகிறார்கள் என்று பத்திரிகையும் டி.வி.யும் அலறிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் ஏழைகள் வருகிற மருத்துவமனை, மாநில அரசின் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை. இன்னொரு ஊரில் இப்படிப்பட்ட பெண்களைக் கைது செய்கிறார்கள் என்ற செய்தியை அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ் கேள்விப்பட்டார். மருத்துவமனையின் வக்கீல் அரசு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். மருத்துவமனையும் போலீசும் அரசு வழக்கறிஞரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள்.

திட்டம் இதுதான். ஒன்பது அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் அந்தக் கர்ப்பிணியின் சிறுநீரில் கோகெய்ன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அடையாளங்களைக் கேளுங்கள். கர்ப்பகாலச் செக்கப்புக்கே வராதது, 24 வாரத்துக்கு மேல் தாமதமாக வந்தது, பாதியில் நிறுத்தியது, காரணம் தெரியாத குறைமாத வலி, குழந்தையின் வளர்ச்சி குறைவு, வயிற்றிலேயே குழந்தை இறந்துபோனது... இப்படிப் போகிறது பட்டியல். எங்க ஊரில் பாதிப் பெண்கள் இந்தப் பட்டியலில் வந்துவிடுவார்களே என்று எனக்குத் தோன்றியது! பஸ்ஸுக்குக் காசில்லாமல் வராதவளும் கோகெய்ன் எடுத்துவிட்டு வராதவளும் அந்தப் பட்டியலுக்கு ஒன்றுதான்.

கோகெய்ன் இருந்தால் போலீசுக்குத் தகவல். ஆரம்பத்தில் பிரசவத்துக்கு வந்த பெண்களை நேரடியாகக் கைது செய்தார்கள். 1990-ல் கொஞ்சம் மாற்றி, "சிகிச்சைக்குப் போ, இல்லாவிட்டால் கைது" என்று ஆக்கினார்கள். ஒரு அப்பாயிண்ட்மெண்ட் தவறினாலும் கைதுதான். பிரசவமான சூட்டோடு கைவிலங்கு போடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 30 பெண்கள் கைதானார்கள். அதில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். மிச்சமிருந்த ஒரே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கேஸ் ஷீட்டில், அவர் ஒரு கறுப்பினத்து ஆணுடன் வாழ்கிறார் என்று நர்ஸ் குறித்து வைத்திருந்தார். நோய்க்கும் அந்தக் குறிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே லேப் மாணவியாக என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயம் உண்டு. அந்தத் திட்டத்தில் சாம்பிள் கைமாறும் முறையையும் எழுதி வைத்திருந்தார்கள். யார் எடுத்தது, யார் வாங்கியது, யார் பூட்டி வைத்தது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவு. நாங்களும் லேபிள் ஒட்டுகிறோம், நம்பர் போடுகிறோம். எதற்கு? ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போய்விடக் கூடாது, தப்பான மருந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே பதிவு செய்தது கோர்ட்டில் சாட்சியாக நிற்க வேண்டும் என்பதற்காக. ஒரே கோப்பை, ஒரே சோதனை, ஒரே கெமிக்கல். ஆனால் லேப் டெக்னீஷியன் அங்கே பாதிப் போலீஸ்காரர் ஆகிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்கோ அது தெரியாது. டாக்டர் கேட்டார், கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

1993-ல் பத்துப் பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மத்திய அரசின் சுகாதாரத் துறையும் விசாரணையில் இறங்கியது. 1994-ல் மருத்துவமனை திட்டத்தைக் கைவிட்டது. வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 'ஃபெர்குசன் எதிர் சார்ல்ஸ்டன் நகரம்' என்ற அந்த வழக்கில் 2001 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். நோயாளியின் சம்மதம் இல்லாமல், வாரண்டும் இல்லாமல், போலீசுக்குச் சாட்சியம் சேர்க்கும் நோக்கத்தோடு அரசு மருத்துவமனை சிறுநீரைச் சோதிப்பது, காரணமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். கடைசி நோக்கம் சிகிச்சைதானே என்று மருத்துவமனைத் தரப்பு வாதாடியது. கடைசி நோக்கம் எதுவாக இருந்தாலும், உடனடி நோக்கம் போலீசுக்குச் சாட்சி தேடுவதுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்கள் தாங்களாகவே கொடுத்த சிறுநீர், இதை எப்படிப் பலவந்தச் சோதனை என்பது என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கோப்பையை நீட்டினால் "எதுக்கு?" என்று கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது? எங்க அம்மாவுக்கு இல்லை.

சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்திலேயே ஃபுளோரிடாவில் இதைவிட விசித்திரம் நடந்தது. 1989-ல் ஒரு பெண்ணுக்குத் தண்டனை கொடுத்தார்கள். என்ன குற்றம்? 'மைனருக்குப் போதைப் பொருள் விநியோகம்'! குழந்தை வெளியே வந்த பிறகு, தொப்புள்கொடியை வெட்டும் முன்பு, அந்த ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் கொடி வழியாகக் கோகெய்ன் போயிற்று, அதனால் இவர் 'சப்ளையர்' என்று வாதம். தெருவில் பொட்டலம் விற்கிறவனுக்கு எழுதிய சட்டம் பிரசவக் கட்டிலுக்கு வந்துவிட்டது. கோகெய்ன் எடுத்ததை டாக்டரிடம் சொன்னது அந்தப் பெண்ணேதான். குழந்தைக்கு நல்லது என்று உண்மையைச் சொன்னார், அதுவே அவருக்கு எதிரான சாட்சி ஆனது. 1992-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

எல்லா நீதிமன்றமும் அப்படி இல்லை. தென் கரோலினா மாநில உச்ச நீதிமன்றம் 1997-ல் விட்னர் வழக்கில், வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய வளர்ச்சியடைந்த சிசுவும் சட்டத்தின் கண்ணில் 'குழந்தை'தான் என்று சொல்லி, 8 ஆண்டு சிறைத் தண்டனை பெற்ற தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அலபாமாவில் 2006-ல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்குள்ளேயே போதை மருந்து காய்ச்சுகிற இடங்களில் வளரும் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வயிற்றிலுள்ள சிசுவும் அதில் அடக்கம் என்று சொல்லிவிட்டது. இப்படி எந்த மாநிலத்தில் பிரசவம் ஆகிறதோ அதைப் பொறுத்து ஒரே செயல் நோயாகவும் குற்றமாகவும் ஆகிறது.

யார் மாட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1990-ல் வெளியான ஆராய்ச்சி, ஃபுளோரிடாவின் பினெல்லாஸ் மாவட்டத்தில் செய்தது. வந்த கர்ப்பிணிகள் எல்லோரின் சிறுநீரையும் பெயர் இல்லாமல் சோதித்தார்கள். வெள்ளையர்களில் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம் பேரிடம் போதைப் பொருளோ மதுவோ தெரிந்தது. கிட்டத்தட்ட சமம். ஆனால் அரசுக்குப் புகாராகப் போனவர்களைப் பார்த்தால், கறுப்பினப் பெண்கள் சுமார் 10 மடங்கு அதிகம்! சிறுநீருக்குச் சாதி, நிறம் தெரியாது. கோப்பையை யாரிடம் நீட்டுவது என்று தீர்மானிக்கிறவருக்குத் தெரியும்.

சரி, "ஜெயிலுக்கு வேண்டாம், சிகிச்சைக்குப் போகட்டும்" என்கிறோம். இடம் இருந்ததா? அதே காலத்தில் நியூயார்க் நகரத்தில் 78 போதை சிகிச்சை மையங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 54 சதவீத மையங்கள் கர்ப்பிணி என்றாலே சேர்க்க மாட்டோம் என்றன. கர்ப்பிணி, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு, கிராக் பழக்கம் மூன்றும் சேர்ந்தால் 87 சதவீத மையங்கள் கதவை மூடின. எந்தப் பெண்ணை ஜெயிலில் போட்டார்களோ அதே பெண்ணுக்குத்தான் ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. இதைப் படித்த அன்றுதான் "தூக்கி உள்ளே போடணும்" என்பதை நான் விட்டேன்.

அந்த 'கிராக் குழந்தைகள்' என்ன ஆனார்கள்? ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளைச் சேர்த்தார். சுமார் பாதிப் பேர் கோகெய்ன் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள், மீதிப் பேர் அதே ஏழைப் பகுதியில் கோகெய்ன் எடுக்காத தாய்மாரின் பிள்ளைகள். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார். நான்கு வயதில் அறிவுத்திறன் சோதனையில் முதல் வகுப்பாருக்குச் சராசரி 79, இரண்டாம் வகுப்பாருக்கு 81.9. பெரிய வித்தியாசமே இல்லை, ஆனால் இரண்டுமே குறைவு. ஹர்ட் குழம்பிப்போய் வேறு எதைத் தேடுவது என்று யோசித்தார். ஏழு வயதில் அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள், 19 சதவீதம் பேர் தெருவில் பிணத்தைப் பார்த்திருந்தார்கள். கருவில் பட்ட கோகெய்னைவிட வறுமைதான் அந்தப் பிள்ளைகளை அதிகம் பாதித்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். வறுமைக்கு எந்த ஊரிலும் கைவிலங்கு போட முடியாதே!

இந்த இடத்தில் எங்க வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன், சித்தி கோபித்துக்கொள்ளாது. சித்தி செங்கல் சூளையில் வேலை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். பசி தெரியாது, இடுப்பு வலி தெரியாது என்று சொல்லும். மாசமாக இருந்தபோது செக்கப்புக்குப் போனது. வாயைப் பார்த்துவிட்டு நர்சம்மா வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் திட்டிவிட்டார். "பிள்ளையைக் கொல்லப் பாக்குறியா" என்று. அவர் சொன்ன விஷயம் சரிதான். ஆனால் சித்தி அன்றைக்கு நிறுத்தியது புகையிலையை இல்லை, செக்கப்பை. எட்டாவது மாதத்தில் வலி வந்து வீட்டிலேயே பிறந்தது. ஒண்ணே முக்கால் கிலோ. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது ரெண்டாம் வகுப்பு, வாலுப் பையன். புகையிலையால் அப்படி ஆயிற்றா, ரத்தசோகையாலா, ஒன்பது மணி நேரம் கல் சுமந்ததாலா? எங்க குடும்பத்தில் இன்னும் சண்டை நடக்கிறது. லேபில் படிக்கிற பெண் என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு திட்டுக்கே சித்தி ஓடிவிட்டது. கைவிலங்கு என்றால்?

அந்தக் கேள்விக்கு டென்னசி மாநிலம் பதில் வைத்திருக்கிறது. 2014 ஜூலையில், கர்ப்பத்தில் அபின் வகை மருந்து எடுத்துக் குழந்தைக்குக் கெடுதல் வந்தால் தாயின் மேல் தாக்குதல் வழக்குப் போடலாம் என்று சட்டம் வந்தது. இரண்டு வருஷம் பார்ப்போம், சட்டமன்றம் மறுபடி ஒத்துக்கொண்டால் தொடரலாம் என்று காலக்கெடு வைத்திருந்தார்கள். பெண்கள் பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்த்தார்கள், பக்கத்து மாநிலத்துக்குப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். 2016-ல் சட்டமன்றம் நீட்டிக்கவில்லை, சட்டம் தானாகக் காலாவதி ஆனது. 2019-ல் எட்டு மாநிலங்களின் சுமார் 45 லட்சம் பிரசவங்களை ஆராய்ந்தார்கள். தண்டிக்கும் சட்டம் வந்த மாநிலங்களில் போதை மருந்து விடுபடும் நடுக்கத்தோடு பிறக்கும் குழந்தைகள் குறையவில்லை, அதிகமாகவே இருந்தார்கள். அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே இப்படித் தண்டிப்பதைக் கண்டித்து அறிக்கை விட்டிருந்தது.

இன்னொரு லேப் சமாச்சாரம், சமையலும் கூட. நம்ம குருமாவில் போடுகிற கசகசா அபின் செடியின் விதைதான். அதில் மார்பின் கொஞ்சம் ஒட்டியிருக்கும். 2010-ல் பென்சில்வேனியாவில் ஒரு பெண் கசகசா தூவிய ரொட்டி தின்றுவிட்டுப் பிரசவத்துக்குப் போனார். சிறுநீரில் 'அபின்' தெரிந்தது. மூன்று நாள் குழந்தையைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டு போய்விட்டது! ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். 2013-ல் 1,43,500 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். நாங்கள் பாடத்தில் படிப்பதுதான்: முதல் கட்டச் சோதனை சந்தேகத்தை மட்டும் சொல்லும், உறுதிப்படுத்த வேறு கருவி வேண்டும். எந்த அளவுக்கு மேல் 'பாசிட்டிவ்' என்று கோடு போடுகிறோம் என்பதும் முக்கியம். கசகசாத் தொல்லைக்காகவே 1998-ல் அமெரிக்க அரசு, வேலைக்காரர்களுக்கான சோதனையில் அந்தக் கோட்டை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியிருந்தது. அந்த ஆஸ்பத்திரி அதைவிட மிகக் குறைந்த கோட்டை வைத்திருந்தது. ஆபீஸ் கிளார்க்குக்குக் கிடைத்த சந்தேகத்தின் பலன் பெற்ற தாய்க்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்தேன். 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் போதைப் பொருள் உட்கொள்வது குற்றம், ஆனால் கர்ப்பிணிக்கென்று தனிக் குற்றம் கிடையாது. சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு என்று 64-ஏ பிரிவு சொல்கிறது.

கனடாவில் 1996-ல் பசை முகரும் பழக்கமுள்ள ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரைப் பிரசவம் வரை பிடித்து வைக்கச் சொல்லி வின்னிபெக் குழந்தைகள் நலத்துறை கோர்ட்டுக்குப் போனது. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று மறுத்தது. இன்று பசைக்குப் பிடித்து வைத்தால், நாளை சிகரெட்டுக்கு, மறுநாள் சாப்பாட்டுக்கு என்று எங்கே போய் நிற்பது என்ற கவலை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நார்வேயோ அதே 1996-ல் பிரசவம் வரை பிடித்து வைக்கலாம் என்றே சட்டம் போட்டது. அதில் ஜெயில் இல்லை, சிகிச்சை நிலையம்தான். இதில் மட்டும் எனக்கு இன்னும் இரண்டு மனசு.

மருத்துவம் என்ன சொல்கிறது என்றால், ஹெராயின் பழக்கமுள்ள கர்ப்பிணியைச் சட்டென்று நிறுத்தச் சொல்லக் கூடாது. நிறுத்தியவர் மறுபடி அதில் விழும் ஆபத்து அதிகம். அதனால் மெத்தடோன் அல்லது புப்ரினார்பின் என்ற மருந்தை அளவோடு, டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பதுதான் முறை. குழந்தை பிறந்த பிறகும் தாயைப் பிரிக்காமல், 'சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, எடுத்தால் சமாதானம் ஆகிறதா' என்ற மூன்றை மட்டும் பார்த்து, மடியிலேயே வைத்துக் கவனிக்கும் முறை ஒன்று உண்டு. 2023-ல் வந்த பெரிய ஆராய்ச்சியில் பழைய முறையில் வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாள் ஆன குழந்தைகள், இந்த முறையில் 8.2 நாளில் தயாரானார்கள். தாயை ஜெயிலில் வைத்துவிட்டால் இந்த மடிக்கு எங்கே போவது?

போன மாதம் எங்களுக்கு ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி. காலை கூட்டத்தில் ஒரு கர்ப்பிணி அக்கா, என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் அதிகம் இருக்கும், கோப்பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். சர்க்கரை, உப்பு, கிருமி மூன்றும் பார்ப்போம் அக்கா, உப்பு இருந்தால் பிரஷர் கூடுதா என்று டாக்டர் கவனிப்பார் என்று சொன்னேன். "வேற எதையும் பாக்க மாட்டீங்கள்ல?" என்றார். எதை நினைத்துக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. "இல்லக்கா, இந்த மூணுதான். வேற எதாவது பாக்கணும்னா டாக்டர் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான்" என்றேன். சொல்லிவிட்டு, அது நிஜம்தானா என்று உள்ளே போய் சீனியரிடம் ரிக்வெஸ்ட் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்றுதான் டிக் போட்டிருந்தது. திரும்பி வந்தபோது அந்த அக்கா கோப்பையோடு போயிருந்தார்.